சமன் போதும் என்றிருந்த காலம்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் தேசியச் சாம்பியன் யார் என்பதை நெடுங்காலம் களம் முடிவு செய்யவில்லை. வாக்கெடுப்புதான் முடிவு செய்தது. அசோசியேட்டட் பிரஸ் விளையாட்டுச் செய்தியாளர்களிடம் வாக்கு வாங்கியது. யுனைட்டெட் பிரஸ் இன்டர்நேஷனல் பயிற்சியாளர்களிடம் வாங்கியது. இரண்டும் ஒத்துப்போனால் ஒரு சாம்பியன், ஒத்துப்போகாவிட்டால் இரண்டு. ரஞ்சிக் கோப்பைக்கு இறுதியாட்டமே வைக்காமல், பத்திரிகைக்காரர்கள் ஆளுக்கொரு சீட்டு எழுதிப்போட்டுக் கோப்பையை ஏதோ ஒரு மாநிலத்திடம் கொடுத்தால் எப்படியிருக்கும்? ஏறக்குறைய அதுதான் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கானோரைப் பைத்தியமாக்கியவை புத்தாண்டையொட்டி நடந்த பவுல் ஆட்டங்கள்.

1950களிலிருந்து 1980களின் இறுதி வரை நடந்த பவுல் ஆட்டங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றில் பத்துப் பதினைந்துதான் இன்றும் பேசப்படுகின்றன. ஏன் அவை மட்டும்? பெரிய ஆட்டக்காரர்கள் ஆடினார்கள் என்பார்கள். முதல் இடமும் இரண்டாம் இடமும் மோதின என்பார்கள். தொலைக்காட்சி வந்தது என்பார்கள். மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு, ஆனால் மூன்றும் போதாது. 1972ஆம் ஆண்டு ஆரஞ்சு பவுலில் முதலிடத்து நெப்ராஸ்காவும் இரண்டாம் இடத்து அலபாமாவும் மோதின. நெப்ராஸ்கா 38-6 என்று வென்றது. அணிகள் பெரியவை, பயிற்சியாளர்கள் பெரியவர்கள், தொலைக்காட்சியும் இருந்தது. ஆனாலும் நெப்ராஸ்காவுக்கு வெளியே அந்த ஆட்டத்தை யாரும் ஆசையாக நினைவுகூர்வதில்லை.

என் கணிப்பு வேறு. அன்று ஆட்டம் சமனில் முடியலாம். கூடுதல் நேரம் கிடையாது. நடுவரின் தீர்ப்பைப் படச்சுருளைப் பார்த்து மாற்ற வழியில்லை. பட்டம் வாக்கில் தொங்கிக்கொண்டிருந்ததால், வெல்வது மட்டுமல்ல, எப்படி வென்றார்கள், எப்படித் தோற்றார்கள் என்பதற்கும் விலை இருந்தது. தப்பித்துக்கொள்ள வழி இருந்தும் அதை எடுக்காதவர்களும், எடுக்கத் தெரியாமல் தடுமாறியவர்களும்தான் அந்த ஆட்டங்களை நினைவில் நிறுத்தினார்கள்.

கொஞ்சம் வரலாறு. கலிஃபோர்னியாவின் பாசடீனா ஊரில் ரோஜாத் திருவிழாவுக்குக் கூட்டம் சேர்க்க 1902 புத்தாண்டு அன்று ஒரு கால்பந்தாட்டம் வைத்தார்கள். மிச்சிகன் ஸ்டான்ஃபோர்டை 49-0 என்று நசுக்கியது. அடுத்த சில ஆண்டுகளுக்குக் கால்பந்தே வேண்டாம் என்று தேரோட்டப் பந்தயம் நடத்தினார்கள். 1916இல்தான் கால்பந்து திரும்பியது. 1922இல் கட்டி முடித்த கிண்ண வடிவ அரங்கின் பெயர் ஆட்டத்துக்கும் ஒட்டிக்கொள்ள, அது ரோஸ் பவுல் ஆயிற்று. அதைப் பார்த்து மற்ற ஊர்களும் குளிர்காலச் சுற்றுலாவை நம்பி இறங்கின. 1935இல் மயாமியில் ஆரஞ்சு, நியூ ஆர்லியன்ஸில் சுகர். 1937இல் டாலஸில் காட்டன். ஆக, இவை சாம்பியனைக் கண்டுபிடிக்கப் பிறந்தவை அல்ல. ஓட்டல் அறைகளை நிரப்பப் பிறந்தவை. பிற்காலத்தில் எழுந்த எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இதுதான்.

ஆட்டத்தின் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறினால் பந்து உங்களிடமே இருக்கும். இல்லாவிட்டால், அல்லது நீங்களே தொலைவுக்கு உதைத்துத் தள்ளிவிட்டால், எதிரணிக்குப் போகும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் அது டச்டவுன், ஆறு புள்ளி. அதன்பிறகு ஒரு வாய்ப்பு: பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஒரு புள்ளி. கிட்டத்தட்ட கைமேல் கிடைப்பது அது. 1958 முதல் இன்னொரு வழியும் உண்டு. உதைக்காமல் மறுபடி கோட்டைத் தாண்டினால் இரண்டு புள்ளி. இதில் பாதிக்குப் பாதி தோல்வி. இந்த ஒன்றா இரண்டா என்ற கேள்விதான் பின்னால் பலரை உருக்குலைத்தது.

பவுல் ஆட்டங்களின் நினைவுக் கிடங்கில் முதலில் சேர்ந்தவை தவறுகள். 1929 ரோஸ் பவுலில் கலிஃபோர்னியாவின் ராய் ரீகெல்ஸ் எதிரணி தவறவிட்ட பந்தை அள்ளிக்கொண்டு, திசை தடுமாறி, தன் அணியின் கோட்டை நோக்கியே அறுபது கெஜத்துக்கு மேல் ஓடினார். சக ஆட்டக்காரர் பென்னி லாம் துரத்திப் பிடித்து நிறுத்துவதற்குள் கோட்டுக்கு ஒரு கெஜம்தான் மிச்சம். அடுத்து கலிஃபோர்னியா உதைத்த பந்தை ஜார்ஜியா டெக் மறித்தது. அதற்கு இரண்டு புள்ளி. முடிவு 8-7, ஜார்ஜியா டெக் வெற்றி.

1954 காட்டன் பவுலில் நடந்தது இன்னும் விசித்திரம். ரைஸ் பல்கலையின் டிக்கி மோகல் தன் பக்கத்து ஐந்து கெஜக் கோட்டிலிருந்து புறப்பட்டு எல்லைக்கோட்டை ஒட்டித் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். அலபாமாவின் டாமி லூயிஸ் அப்போது களத்திலேயே இல்லை, ஓரத்தில் நின்றிருந்தார். கண்ணெதிரே எதிரி ஓடுவதைப் பொறுக்காமல் உள்ளே பாய்ந்து அவரைச் சாய்த்துவிட்டார். நடுவர் தயங்காமல் 95 கெஜ டச்டவுன் என்று அறிவித்தார். ரைஸ் 28-6 என்று வென்றது. மோகல் அன்று பதினொரு முறை பந்தைத் தூக்கி 265 கெஜம் ஓடினார். அந்தச் சாதனையை யாரும் சொல்வதில்லை, லூயிஸ் பாய்ந்ததைத்தான் சொல்கிறார்கள். அலபாமா அன்று எடுத்த ஒரே டச்டவுனும் லூயிஸ் போட்டதுதான். இடைவேளையில் ரைஸ் அணியின் அறைக்கே போய் மன்னிப்புக் கேட்டார். பிறகு இருவரும் எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சேர்ந்து தோன்றினார்கள்.

அதே காலத்தில் சிரிக்க முடியாத கதை ஒன்றும் உண்டு. 1956 சுகர் பவுலுக்கு பிட்ஸ்பர்க் பல்கலை தகுதி பெற்றது. அதன் அணியில் பாபி கிரையர் என்ற கறுப்பின ஆட்டக்காரர் இருந்தார். எதிரணி ஜார்ஜியா டெக். கறுப்பினத்தவர் இருக்கும் அணியோடு ஜார்ஜியா மாநில அணி ஆடக்கூடாது என்று அந்த மாநில ஆளுநர் மார்வின் கிரிஃபின் தடுக்கப் பார்த்தார். ஜார்ஜியா டெக் மாணவர்கள் தெருவில் இறங்கி ஆளுநர் மாளிகைக்கே ஊர்வலம் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் சமத்துவத்துக்காகப் போராடினார்கள் என்று நான் நம்பவில்லை. பவுல் ஆட்டம் கைநழுவிப் போகும் கோபமே அதில் பாதி. ஆனாலும் ஆட்டம் நடந்தது, சுகர் பவுலில் ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரர் ஆனார் கிரையர். முதல் கால்பகுதியில் அவர் எதிரணி ஆட்டக்காரரைத் தள்ளிவிட்டார் என்று நடுவர் கொடியை வீசினார். பந்து கோட்டருகே போனது, அதிலிருந்து வந்த டச்டவுனால் ஜார்ஜியா டெக் 7-0 என்று வென்றது. தான் தள்ளவில்லை என்பதில் கிரையர் கடைசிவரை உறுதியாக இருந்தார். மறுபரிசீலனை இல்லாத காலத்தில் அந்தக் கொடி அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கோடையிலேயே லூசியானா மாநிலம் இரு இனத்தவரும் சேர்ந்து விளையாடுவதைத் தடைசெய்து சட்டம் போட்டது. அந்தக் காலத்துப் பொற்கதைகளைச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 1970 காட்டன் பவுலை வென்று பட்டம் பெற்ற டெக்சஸ்தான் முற்றிலும் வெள்ளையர் மட்டுமே ஆடிய கடைசிச் சாம்பியன் அணி.

வாக்கெடுப்பின் கூத்துக்கு வருவோம். 1960களின் நடுப்பகுதி வரை இறுதி வாக்கு பவுல் ஆட்டங்களுக்கு முன்பே முடிந்துவிடும். 1964 பருவத்தில் அலபாமாவை இரு அமைப்புகளும் சாம்பியனாக்கின. 1965 புத்தாண்டு இரவில் அதே அலபாமா ஆரஞ்சு பவுலில் டெக்சஸிடம் 21-17 என்று தோற்றது. இரவு நேரத்தில் நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்த முதல் பெரிய பவுல் ஆட்டம் அது. முழங்கால் வலியோடு பெஞ்சிலிருந்து இறங்கிய அலபாமாவின் ஜோ நேமத், கடைசியில் கோட்டை முட்டிக்கொண்டு உள்ளே நுழையப் பார்த்தார், டெக்சஸ் தடுத்துவிட்டது. உள்ளே போய்விட்டேன் என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். தோற்ற சாம்பியனைப் பார்த்து சங்கடப்பட்ட அசோசியேட்டட் பிரஸ், அடுத்த பருவத்தில் வாக்கைப் பவுலுக்குப் பிறகு வைத்தது. 1966 புத்தாண்டு அன்று முதல் இரண்டு இடத்திலிருந்த மிச்சிகன் ஸ்டேட்டும் ஆர்கன்சாவும் தோற்றுப்போக, அலபாமா வென்று மறுபடி பட்டம் வாங்கியது! பிறகு ஏனோ பழைய வழக்கத்துக்குப் போய், 1968இலிருந்துதான் நிலையாக மாறினார்கள். பயிற்சியாளர் வாக்கு மாற 1974 ஆயிற்று.

என் கருத்துக்கு முரணான ஆட்டம் ஒன்றையும் இங்கே வைக்கிறேன்: 1963 ரோஸ் பவுல். தென் கலிஃபோர்னியா ஏற்கெனவே சாம்பியன். ஆட்டத்தில் தோற்றாலும் பட்டம் போகாது. கடைசிக் கால்பகுதியில் அவர்கள் 42-14 என்று முன்னணியில் இருந்தார்கள். அங்கிருந்து விஸ்கான்சினின் ரான் வாண்டர்கெலன் வீசத் தொடங்கினார். நேரம் இழுத்துக்கொண்டே போய் இருட்டிவிட்டது, 42-37இல் முடிந்தது. அவர் அன்று 401 கெஜம் வீசியிருந்தார். தோற்ற அணியின் ஆட்டம்தான் இன்றும் பேச்சு. பட்டம் பணயத்தில் இல்லாமலும் ஒரு ஆட்டம் மறக்க முடியாததாக முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இருந்தாலும் இது விதிவிலக்கு என்றே நினைக்கிறேன்.

முடிவெடுக்கும் கணம் என்றால் 1969 ஆரஞ்சு பவுலைச் சொல்ல வேண்டும். கான்சஸ் 14, பென் ஸ்டேட் 13, பதினைந்து விநாடி மிச்சம். உதைத்துச் சமன் செய்யலாம். பென் ஸ்டேட் பயிற்சியாளர் ஜோ பட்டெர்னோ இரண்டு புள்ளிக்குப் போனார். வீசிய பந்து தரையில் விழுந்தது. கான்சஸ் ரசிகர்கள் களத்துக்குள் ஓடிவந்தார்கள். அப்போதுதான் நடுவரின் கொடி கண்ணில் பட்டது: கான்சஸ் பக்கம் பதினொருவருக்குப் பதில் பன்னிரண்டு பேர். மறுபடி முயற்சி, பாப் கேம்பல் ஓடிக் கோட்டைத் தாண்டினார், 15-14. படச்சுருளைப் போட்டுப் பார்த்ததில், அதற்கு முன்பே சில முயற்சிகளிலும் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்களாம். ஒரு நடுவருக்குத்தான் எண்ணத் தோன்றியிருக்கிறது.

ஆரா பார்சீகியன் கதை இன்னும் சுவையானது. நோட்டர் டேம் பயிற்சியாளரான அவர், 1966 நவம்பரில் மிச்சிகன் ஸ்டேட்டோடு 10-10 என்றிருந்தபோது, கடைசி நிமிடங்களில் வீசாமல் ஓடவைத்தே நேரத்தைக் கடத்திச் சமனோடு வீடு திரும்பினார். அந்தக் காலத்தில் நோட்டர் டேம் பவுல் ஆட்டங்களுக்கே போவதில்லை. வாக்கில் பட்டம் கிடைத்தது. கோழை என்ற ஏச்சும் கூடவே கிடைத்தது. தோல்வியே காணாத அலபாமாவுக்கு மூன்றாம் இடம்.

ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1973 டிசம்பர் 31. நியூ ஆர்லியன்ஸில் சுகர் பவுல். அதே அலபாமா எதிரே, பேர் பிரையன்ட் பயிற்சியாளர். இரு அணியும் அந்தப் பருவத்தில் தோற்றதில்லை. முன்னணி மாறி மாறிக் கைமாறி, நோட்டர் டேம் 24-23 என்று ஒரு புள்ளி மேலே நின்றது. அந்த ஒரு புள்ளி, அலபாமா ஓர் உதையைத் தவறவிட்டதால் வந்தது. கடைசி நிமிடங்களில் அலபாமா உதைத்த பந்து நோட்டர் டேமைத் தன் கோட்டோரமே முடக்கிவிட்டது. மூன்றாவது முயற்சி, எட்டு கெஜம் வேண்டும், முதுகுக்குப் பின்னால் தங்கள் கோடு. ஓடவைத்துவிட்டு உதைத்துத் தள்ளுவதுதான் எல்லோரும் செய்வது. பந்து கைநழுவினால் அங்கேயே எல்லாம் முடிந்தது. பார்சீகியன் வீசச் சொன்னார். டாம் கிளமென்ட்ஸ் தன் கோட்டுக்குப் பின்னால் போய் நின்று வீச, ராபின் வெபர் என்ற மாற்று ஆட்டக்காரர் 35 கெஜத்தில் அதைப் பிடித்தார். அவர் பக்கம் பந்து வரும் என்று அலபாமா நினைக்கவே இல்லை. ஆட்டம் முடிந்தது. 1966இன் ஏச்சுக்குப் பதில் சொல்லத்தான் அப்படி வீசச் சொன்னாரா என்பது அவருக்கே வெளிச்சம். ஆனால் அந்த வீச்சுக்குப் பிறகு யாரும் அவரைக் கோழை என்று சொல்லவில்லை. பயிற்சியாளர் வாக்கில் அலபாமா முன்கூட்டியே சாம்பியன் ஆகியிருந்தது. தோற்ற சாம்பியன், இரண்டாவது தடவை. அதன் பிறகே அந்த வாக்கும் தள்ளிப்போனது.

ஒரே பருவத்தின் கடைசி நான்கு நாட்களை எடுத்துக்கொண்டால் 1978–79க்கு ஈடு இல்லை. டிசம்பர் 29 அன்று ஜாக்சன்வில்லில் கேட்டர் பவுல். ஒஹையோ ஸ்டேட் 17-15 என்று பின்தங்கியிருந்தது. முதலாம் ஆண்டு மாணவர் ஆர்ட் ஷ்லிக்டர் வீசிய பந்தைக் கிளெம்சனின் சார்லி பாமன் மறித்துப் பிடித்து, ஒஹையோக்காரர்கள் நிற்கும் ஓரத்தில் போய் விழுந்தார். எழுந்தவரின் கழுத்தில் ஒஹையோ பயிற்சியாளர் வுடி ஹேய்ஸ் ஒரு குத்து விட்டார். 65 வயது, 28 பருவம் அந்த அணிக்குப் பயிற்சி தந்தவர். மறுநாள் காலை வேலை போயிற்று. இருநூறுக்கும் மேற்பட்ட வெற்றிகளுக்கு மேலே அந்தக் குத்து போய் உட்கார்ந்துகொண்டது.

1979 புத்தாண்டு அன்று மூன்று அரங்கங்கள். நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் முதலிடத்துப் பென் ஸ்டேட் அலபாமாவிடம் 14-7 என்று பின்தங்கி, கடைசிக் கால்பகுதியில் கோட்டுக்கு ஒரு கெஜம் வரை வந்துவிட்டது. மூன்றாவது முயற்சியில் ஒருவர் மோதிச் சரிந்தார். நான்காவதில் மைக் குமன் மனிதக் குவியலுக்கு மேலே தாவினார். அலபாமாவின் பாரி கிராஸ் எதிரே தாவி அந்தரத்திலேயே அவரை நிறுத்தினார். சில அங்குலம்தான் தூரம். பட்டெர்னோ வீசச் சொல்லியிருக்க வேண்டும் என்று பென் ஸ்டேட்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அவரும் பின்னாளில் அதையே வருந்திச் சொன்னார்.

அதே நாள் பாசடீனாவில் மிச்சிகனுக்கு எதிராகத் தென் கலிஃபோர்னியாவின் சார்ல்ஸ் ஒயிட் கோட்டை நோக்கிப் பாய்ந்தபோது பந்து கையைவிட்டு நழுவியது. கோட்டைத் தாண்டும்முன்பே நழுவியதைத் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியது. ஓரத்து நடுவர் டச்டவுன் என்று கையைத் தூக்கிவிட்டார். முடிவு 17-10. செய்தியாளர் வாக்கில் அலபாமா சாம்பியன், பயிற்சியாளர் வாக்கில் தென் கலிஃபோர்னியா. ஒரு பட்டத்தை ஒரு கெஜத்தில் தடுத்தவர் தந்தார்; இன்னொன்றுக்கு, தாண்டாத கோட்டைத் தாண்டியதாகச் சொன்ன கை உதவியது. ஏற்கெனவே தென் கலிஃபோர்னியா அலபாமாவை வென்றிருந்தது என்பதால் செய்தியாளர் வாக்கை நியாயப்படுத்துவதும் எளிதல்ல.

மூன்றாவது அரங்கம் டாலஸ், காட்டன் பவுல். பனிமழையில் ஊரே உறைந்திருந்தது. அரங்கில் பாதிக்கு மேல் காலி இருக்கைகள். நோட்டர் டேமின் ஜோ மொன்டானாவுக்கு உடல் வெப்பம் சரிந்துபோய், இடைவேளைக்குப் பின் அறையிலேயே போர்வை சுற்றிப் படுக்கவைத்துக் கோழி சூப் ஊற்றினார்கள். அவர் திரும்பி வந்தபோது ஹூஸ்டன் 34-12 என்று முன்னணியில் இருந்தது. நோட்டர் டேம் மெல்ல ஏறி 34-28 ஆக்கியது. அரை நிமிடமே மிச்சம், பந்து ஹூஸ்டனிடம், நான்காவது முயற்சி, ஒரு கெஜம் வேண்டும். உதைத்துத் தள்ளியிருந்தால் ஆட்டம் முடிந்தது. ஆனால் சற்றுமுன் ஓர் உதையை மறித்துத்தான் நோட்டர் டேம் எழுந்திருந்தது, எதிர்க்காற்று வேறு. பயிற்சியாளர் பில் இயோமன் ஓடச் சொன்னார், ஓடியவர் நின்றுபோனார். மொன்டானா கிரிஸ் ஹேன்ஸுக்கு வீசிய பந்து டச்டவுன் ஆனபோது நேரம் முடிந்திருந்தது. உதை நுழைந்தது, கொடி விழுந்தது, மறுபடி உதைத்தார்கள், மறுபடி நுழைந்தது. 35-34.

இந்த வகை அதிசயம் என்றால் 1980 ஹாலிடே பவுலில் பிரிகம் யங் நான்கு நிமிடத்தில் இருபது புள்ளி பின்னடைவைக் கடந்து 46-45 என்று வென்றதையும் சேர்க்கலாம். பார்க்க அருமை. ஆனால் அதில் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் உயரத் தூக்கி வீசினார்கள், பிடிபட்டது.

தேர்ந்தெடுத்தவர் நெப்ராஸ்கா பயிற்சியாளர் டாம் ஆஸ்பார்ன். 1984 ஜனவரி 2, ஆரஞ்சு பவுல். தோல்வியே காணாத முதலிடத்து நெப்ராஸ்கா, தன் சொந்த அரங்கில் ஆடும் ஐந்தாம் இடத்து மயாமியோடு. அன்று பகலிலேயே இரண்டாம் இடத்து டெக்சஸ் 10-9 என்று ஜார்ஜியாவிடம் தோற்றிருந்தது. நான்காம் இடத்து இலினாயும் வீழ்ந்தது. இரவில் நெப்ராஸ்கா 17-0 என்று பின்தங்கி, சமன் செய்து, மறுபடி 31-17 என்று பின்தங்கியது. நட்சத்திர ஓட்டக்காரர் மைக் ரோசியர் காயத்தில் வெளியேறிவிட்டார். 31-24இல் நான்காவது முயற்சி, எட்டு கெஜம் வேண்டும். மாற்று ஆட்டக்காரர் ஜெஃப் ஸ்மித் 24 கெஜம் ஓடிக் கோட்டைத் தாண்டினார். 31-30, 48 விநாடி. உதைத்தால் சமன். சமனானால் தோல்வியே இல்லாத ஒரே பெரிய அணி நெப்ராஸ்கா. பட்டம் நிச்சயம் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

ஆஸ்பார்ன் தயங்கியதாகவே தெரியவில்லை. ஓர் உதையைக் காட்டிப் பின்வாசல் வழியாகப் பட்டம் வாங்க ஆட்டக்காரர்கள் ஒப்ப மாட்டார்கள் என்பது பிறகு அவர் சொன்னதன் சாரம். டர்னர் கில் வலப்பக்கம் நகர்ந்து ஸ்மித்துக்கு வீசினார். மயாமியின் கென்னி கால்ஹூன் விரல் நுனியால் பந்தைத் தட்டிவிட்டார். மறுநாள் மயாமி ஐந்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்குத் தாவியது. ஆஸ்பார்னுக்கு முதல் பட்டம் கிடைக்கப் பதினோரு ஆண்டுகள் ஆயின. எனக்கு அவர் செய்தது சரி என்றே படுகிறது. ஆனால் அதைப் புனிதமாக்கும் எழுத்துகளில் ஒரு கள்ளம் உண்டு: சமனுக்காக ஆடிய பார்சீகியனுக்கு வாக்காளர்கள் பட்டம் கொடுத்தார்கள், வெற்றிக்காக ஆடிய ஆஸ்பார்னுக்குக் கொடுக்கவில்லை. வீரத்தைப் புகழ்ந்த அதே கைகள்தாம் சீட்டை வேறு மாதிரி எழுதின.

1987 ஃபியெஸ்டா பவுல் இந்த யுகத்தின் கடைசிப் பெரிய ஆட்டம். பென் ஸ்டேட்டும் மயாமியும் எந்தக் கூட்டமைப்பிலும் சேராதவை, அதனால் இந்தப் பவுலுக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டு இல்லை. முதலிடமும் இரண்டாம் இடமும் மோதட்டும் என்று ஃபியெஸ்டா அமைப்பாளர்கள் வளைத்துப்போட்டார்கள்; தொலைக்காட்சி ஜனவரி 2 இரவை ஒதுக்கியது. மயாமி வீரர்கள் போர்க்களச் சீருடையில் விமானத்திலிருந்து இறங்கினார்கள். களத்தில் அவர்கள் 445 கெஜம் முன்னேறினார்கள், பென் ஸ்டேட் 162. ஆனால் மயாமியின் வின்னி டெஸ்டவெர்டி ஐந்து முறை எதிரணி கையிலேயே வீசினார். ஐந்தாவது, கடைசி விநாடிகளில் கோட்டருகே. பென் ஸ்டேட் 14-10. விளம்பரக்காரர்களும் ஒளிபரப்பாளர்களும் அன்று கற்ற பாடம் எளிது: முதல் இரண்டு இடங்களையும் நேருக்கு நேர் நிறுத்தினால் நாடே உட்கார்ந்து பார்க்கும். 1992இல் பவுல்கள் கூட்டணி போட்டன, 1995 டிசம்பரில் பவுல் ஆட்டங்களுக்குக் கூடுதல் நேரம் வந்தது, 1998இல் கணிப்பொறித் தரவரிசை நுழைந்தது, 2014இல் நான்கு அணிகளின் பிளேஆஃப், 2024இல் பன்னிரண்டு.

இந்த மாற்றங்கள் நியாயமானவை. பழைய ஏற்பாடு அநியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பட்டப் போட்டிக்கு வெளியே நிற்கும் பவுல்கள் மட்டும் பழையபடி கண்காட்சி ஆட்டங்களாகிவிட்டன. 2016 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி சன் பவுலிலும், லூசியானா ஸ்டேட்டின் லெனர்ட் ஃபோர்னெட் சிட்ரஸ் பவுலிலும் ஆட மறுத்தார்கள். தொழில்முறை ஒப்பந்தம் காத்திருக்கும்போது சம்பளம் இல்லாத ஆட்டத்தில் முழங்காலை ஏன் பணயம் வைக்க வேண்டும்? ஜோ நேமத் வைத்தார். ஆரஞ்சு பவுல் முடிந்த மறுநாள் நியூ யார்க் ஜெட்ஸோடு 4,27,000 டாலர் ஒப்பந்தம் என்று செய்தி வந்தது. அவர் தப்பித்தார். மெக்காஃப்ரியையும் ஃபோர்னெட்டையும் விளையாட்டு எழுத்தாளர்கள் சிலர் சுயநலக்காரர்கள் என்று திட்டிய அதே மாதம், மிச்சிகனின் ஜேக் பட் ஆரஞ்சு பவுலில் ஆடி முழங்கால் தசைநாரைக் கிழித்துக்கொண்டார். அடுத்த ஏப்ரலில் தொழில்முறை அணிகள் ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது முன்னவர்கள் இருவரும் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார்கள். பட் ஐந்தாம் சுற்று வரை காத்திருந்தார்.